டிஸ்க் பெண்டு இல்ல அண்ணாச்சி

ஒரு மாசமா எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. ஊர்ல ஒரு காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன், அதான் காரணம். அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். எங்க ஊர் நாங்குநேரியில் கிளம்பி, 1902-ல் இங்கிலாந்து போய், மதுரையில் பஸ் ஏறி, சென்னை பாடி வழியா திரும்ப நாங்குநேரிக்கே வந்து சேரும். கார் பற்றி ஒண்ணும் தெரியாதேன்னு யோசிக்காதீங்க. நான் படிச்சது இன்ஜினியரிங்தான், ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ். போன பொங்கல் வரைக்கும் டிஸ்க் பிரேக்னா என்னன்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பேன்.

பொங்கல் லீவுல அப்பாவை நாகர்கோவில் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பி வர்றோம். நாலுவழிச் சாலை, வண்டி எண்பதுல வருது. ஊருக்குள்ள திரும்புற இடத்துக்கு முன்னாடி பிரேக்ல கால் வச்சேன். பெடல் திருப்பித் தட்டுச்சு. பழைய தையல் மிஷின் மேல பாதத்தை வச்ச மாதிரி தட தடன்னு ஒரு அதிர்வு. ஸ்டியரிங்கும் கூடச் சேர்ந்து ஆடுச்சு. வண்டி நின்றது, நிக்காம இல்ல. ஆனா அந்த நாலு விநாடியில் வயிறு கலங்கிடுச்சு.

அப்பா மட்டும் அசரவே இல்ல. "திரும்பவும் ஆரம்பிச்சுட்டு பாத்தியா. எல்லாம் அவன் செஞ்ச வேலை" என்றார்.

அவன்னா எங்க மெக்கானிக் அண்ணாச்சி. நாலு மாசம் முன்னாடி இதே அதிர்வு வந்து, முன் சக்கரம் ரெண்டுக்கும் புது டிஸ்க், புது பேடு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏழாயிரத்துச் சொச்சம் செலவு. ரெண்டு மாசம் வெண்ணெய் மாதிரி இருந்த பிரேக், மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிட்டது. டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாத்திட்டான் என்பது அப்பாவோட தீர்ப்பு. அப்பாவோட முதல் டிவிஎஸ் 50-லிருந்து எங்க வீட்டு வண்டி எல்லாத்தையும் பார்த்த கை அது. என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தியில் நின்னு பரிமாறினவர். நாலு மாசமா அப்பா அவர் கடை இருக்கிற தெரு வழியாவே போகல.

நான் போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி பில்லை எடுத்துக் காட்டினார், டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியைக்கூடப் பத்திரமா வச்சிருந்தார். ஒரிஜினல்தான். "டிஸ்க் பெண்டு ஆயிட்டு தம்பி. இப்ப வார இரும்பெல்லாம் இந்த லட்சணந்தான். நான் என்ன செய்ய?" என்றார்.

கவனிச்சீங்களா? அப்பா சொல்றது திருட்டு, அண்ணாச்சி சொல்றது மட்டமான இரும்பு. ரெண்டு பேரும் குற்றத்தை வைக்கிறது ஒரே இடத்துல, அந்த டிஸ்க் மேல. எனக்கு இடிச்சது அங்கதான். என் வேலையில் ஒரு பக் வந்து, ஒரு லைப்ரரியைத் தூக்கிட்டுப் புதுசு போட்டு, அதே பக் திரும்ப வந்தா, அந்த லைப்ரரி பாவம்னு அர்த்தம். அது உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்க்கணும். அப்படி இந்த டிஸ்க் எதன் மேல உட்கார்ந்திருக்குன்னு தேடப் போய்த்தான் மொத்த வரலாறும் மாட்டுச்சு.

1902. பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற இன்ஜினியர் டிஸ்க் பிரேக்குக்கு காப்புரிமை வாங்குகிறார். யோசனை ரொம்ப எளிசு. சக்கரத்தோடு சேர்ந்து சுத்துற ஒரு உலோகத் தட்டு, அதை ரெண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கிற ரெண்டு கட்டை. சைக்கிள் ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்குதுல்ல, கிட்டத்தட்ட அதேதான். ஆனா அவர்கிட்ட இருந்த கட்டை செம்பு. இரும்புத் தட்டைச் செம்பு பிடிச்சா என்ன ஆகும்? தெருவே காதைப் பொத்தும். போதாததுக்கு அந்தக் காலத்துச் சாலை முழுக்கப் புழுதி, செம்பு சீக்கிரமே தேய்ந்து போனது. லான்செஸ்டர் தப்பா யோசிக்கல, அம்பது வருஷம் முன்னாடி யோசிச்சுட்டார்.

அதே 1902-ல் பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். உங்க ஸ்கூட்டர் பின்சக்கரத்தில் இருக்கிற அதே டப்பா. உள்ளே வளைஞ்ச ரெண்டு கட்டை வெளிப்பக்கமா விரிஞ்சு டப்பாவை அமுக்கும். புழுதி உள்ளே போகாது. சுத்துற டப்பாவே கட்டையைத் தன்கூட இழுத்துக்கிட்டு இன்னும் இறுக்கும், அதனால் காலில் பெரிய பலம் வேண்டாம். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வெறும் கம்பியும் கேபிளும் இருந்த காலத்தில் இது பெரிய வரம். கட்டைமேல ஒட்டுற லைனிங் பிரச்சினையை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்கிற இன்னொரு இங்கிலாந்துக்காரர் பார்த்துக்கொண்டார். அவர் ஆரம்பிச்ச கம்பெனி ஃபெரோடோ. அவர் கொண்டுவந்த லைனிங்கில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். சூட்டைத் தாங்கும், சத்தம் வராது, விலை குறைவு. அதைத் தயாரிச்சவங்க நுரையீரலை அது என்ன பண்ணுச்சு என்பது தனி எபிசோடுக்கான கதை, அதைச் சும்மா தாண்டிப் போற மாதிரி சொல்ல எனக்கு மனசு வரல.

ஆக, ஐரோப்பா, அமெரிக்கா, நம்ம ஊர், எல்லா இடத்திலும் அடுத்த அம்பது வருஷம் டிரம்தான். நம்ம ஊர்க் கதை இங்கதான் உள்ளே வருது.

நாங்குநேரியிலிருந்து ஏர்வாடி வழியா அரை மணி நேரத்துக்குள்ள திருக்குறுங்குடி. மலையடிவாரம், நம்பி கோயில், நம்பியாறு. 1877-ல் அந்த ஊரில் பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். ஆமா, அந்த டிவிஎஸ்தான். வக்கீலாக ஆரம்பிச்சு, ரயில்வேயில் வேலை பார்த்து, அப்புறம் ஒரு வங்கியில் வேலை பார்த்து, எல்லாத்தையும் விட்டுட்டு 1911-ல் மதுரையில் சொந்தத் தொழில். 1912-ல் பஸ் ஓட்ட ஆரம்பிச்சார். வேலையை ரிசைன் பண்ணிட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறோம்னு நாம பெருமை பேசுறோம்ல, இவர் அதைச் செஞ்சப்போ கார் எப்படி இருக்கும்னு பார்க்காத தாலுகாக்கள்தான் அதிகம்.

எங்க தாத்தா மதுரையில் கொஞ்ச காலம் கடையில் வேலை பார்த்தவர். டிவிஎஸ் பஸ் போறதைப் பார்த்து கடிகாரத்தைத் திருத்தி வைப்பாங்கன்னு சொல்வார். மதுரைக்காரங்க வீட்டில் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, இதையே சொல்வாங்க. நேரத்துக்கு பஸ் விடணும்னா வண்டி வழியில் நிக்கக் கூடாது. வழியில் நிக்கக் கூடாதுன்னா பாகம் தேய்றதுக்கு முன்னாடியே மாத்தணும், பட்டறை சுத்தமா இருக்கணும், மாத்த வேண்டிய சாமான் கையிருப்பில் இருக்கணும். அந்தக் குடும்பம் பஸ் முதலாளியிலிருந்து உதிரிபாக முதலாளியா மாறினதுக்கு விதை அங்கதான் விழுந்தது என்பது என் கணிப்பு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனப்போ, கரியை எரிச்சு வர்ற வாயுவில் வண்டி ஓட்டுற டிவிஎஸ் கேஸ் பிளான்ட்டை செய்து வித்திருக்காங்க. பஸ்கள் கடைசியில் கையை விட்டுப் போச்சு. 1972-ல் அரசு எடுத்துக்கொண்டு பாண்டியன் ரோட்வேஸ் ஆக்கியது. ஆனா அதுக்குள்ள ஆட்டம் வேற மைதானத்துக்குப் போயிருந்தது. அதுக்கு முன்னாடி ஒரு ரேஸைப் பார்த்துட்டு வந்துடுவோம்.

டிரம்முக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடானா டப்பா விரியும். டப்பா விரிஞ்சா உள்ளே இருக்கிற கட்டைக்கும் அதுக்கும் இடைவெளி கூடும், பெடல் கீழே கீழே போகும். கொடைக்கானலிலிருந்து இறங்குற டிரைவர் ஏன் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராம கியரைக் குறைச்சு இன்ஜினை வச்சு வண்டியைப் பிடிக்கிறார்னா, இதனாலதான். ரேஸ் கார் இன்னும் மோசம், லாப்புக்கு லாப் சூடு ஏறும். விமானங்களுக்காக டிஸ்க் பிரேக் செய்துகொண்டிருந்த டன்லப், ஜாக்குவாரோடு சேர்ந்து அதை ரேஸ் காரில் வச்சுப் பார்த்தது. 1952-ல் பிரான்ஸின் ரீம்ஸ் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் அந்தக் காரில் ஜெயித்தார். 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஜெயித்தார்கள். மத்தவங்க தூரத்திலேயே பிரேக்கைப் பிடிக்க ஆரம்பிக்கும்போது, ஜாக்குவார் டிரைவர்கள் வளைவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து பிடிக்க முடிந்தது. 1955-ல் சிட்ரோன் டிஎஸ் கார், முன்சக்கரத்தில் டிஸ்க்கோடு சாதாரண மக்களுக்கே விற்பனைக்கு வந்தது. லான்செஸ்டரின் தட்டு அம்பது வருஷம் கழிச்சு திரும்பி வந்துடுச்சு.

திரும்பி வந்தப்போ கூடவே ஒரு வீக்னெஸையும் கூட்டிட்டு வந்தது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க, எங்க அப்பா கார் கேஸோட முடிச்சு இதுலதான் இருக்கு.

டிஸ்க் பிரேக்கில் பெடலை விட்ட பிறகு பேடு ரொம்ப தூரம் விலகிப் போகாது. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ஒரு ரப்பர் வளையம் அதை மயிரிழை அளவு பின்னாடி இழுக்கும், அவ்வளவுதான். அதனாலதான் அடுத்த தடவை மிதிச்ச உடனே பிடிக்குது. ஆனா பேடு அவ்வளவு நெருக்கமா நிக்கிறதால, டிஸ்க் நேரா சுத்தணும். தோசைக்கல் ஒரு பக்கம் லேசாத் தூக்கின மாதிரி டிஸ்க் சாய்ஞ்சு சுத்துச்சுன்னு வைங்க, நீங்க பிரேக்கே பிடிக்காம ஓட்டிக்கிட்டு இருக்கும்போதும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடம் பேடுல உரசிட்டுப் போகும். எண்பதுல போனா விநாடிக்குச் சுமார் பன்னிரண்டு தடவை. ஆயிரம், ரெண்டாயிரம், அஞ்சாயிரம் கிலோமீட்டர். அந்த இடம் மட்டும் தேய்ஞ்சு மெலியும். இப்போ டிஸ்க் ஒரு இடத்தில் தடி, ஒரு இடத்தில் மெலிசு. பிரேக்கை மிதிச்சா, தடி இடம் வரும்போது பிஸ்டனைப் பின்னாடி தள்ளும், மெலிசு வரும்போது விடும். பிரேக் ஆயில் அந்தத் தள்ளலை அப்படியே பெடலுக்குக் கொண்டு வரும். உங்க கால் தட தடன்னு ஆடும்.

பல சமயம் நாம பெண்டுன்னு சொல்றது இதைத்தான். டிஸ்க் வளையவே இல்ல, சீரில்லாமத் தேய்ஞ்சிருக்கு. தேய்மானம் எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பீங்க. 0.02 மி.மீ. இருந்தாலே நல்ல கால் கண்டுபிடிச்சிடும். நம்ம தலைமுடி இதைவிட ரெண்டு மூணு மடங்கு தடி. சாய்வுக்கு பெரும்பாலான கார்களில் அனுமதி 0.05-லிருந்து 0.1 மி.மீ. வரைதான்.

இன்னொண்ணும் உண்டு. புதுப் பேடைச் சரியாப் பழக்காமல் ஓட்டினாலோ, நல்லாச் சூடான டிஸ்க்கோட சிக்னலில் பெடலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாலோ, பேடு சரக்கு அங்கங்க அப்பிக்கிட்டும் இதே தடிமன் வித்தியாசம் வரும். எங்க வண்டியில் அது இல்லைன்னு பின்னாடி தெரிஞ்சது.

சரி, பாடிக்குப் போவோம்.

1953-ல் இந்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே முறுக்கி விற்கிற கம்பெனிகள், உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் கொடுக்கணும், இல்லைன்னா கிளம்பணும். 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கடையை மூடிக்கொண்டு கிளம்பியது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைத் தென்னிந்தியாவில் வித்துக்கிட்டு இருந்தது யாரு? டிவிஎஸ். சுந்தரம் அய்யங்கார் 1955-ல் காலமானார். அடுத்த தலைமுறை, விற்க வண்டி இல்லாவிட்டால் பாகம் செய்வோம்னு இறங்கியது. 1962-ல் இங்கிலாந்தின் லூகாஸ் குழுமத்தோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா. அதே 1962-ல் கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியோடு சேர்ந்து, லாரி பஸ்களுக்கு ஏர் பிரேக் செய்ய சுந்தரம் கிளேட்டன். 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். மூணும் பாடியில். நீங்க அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ்ல போறவங்கன்னா தினமும் இந்தக் காம்பவுண்டுகளைப் பார்த்துக்கிட்டேதான் போறீங்க. இந்தியாவில் ஓடுற வண்டிகள் நிக்கிறதுல பாதிக் கதை அந்தச் சாலையில்தான் எழுதப்பட்டது. சொந்த ஊர்க்காரன் என்கிற முறையில் ஒரு பொறாமையும் உண்டு. திருக்குறுங்குடிக்காரர் குடும்பம் மதுரை, பாடி, ஓசூர்னு தொழில் வச்சது. நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வருது வருதுன்னு நான் ஸ்கூல் படிக்கிற காலத்திலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கோம்.

பாடியில் நடந்த பெரிய விஷயம் அளவெடுக்கிற பழக்கம். ஜப்பான் கொடுக்கிற டெமிங் பரிசு, தரக்கட்டுப்பாட்டில் உலகத்திலேயே பெரிய மரியாதைன்னு சொல்வாங்க. 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அதை வாங்கியது. 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். 2003-ல் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலைப் பிரிவு. அந்தத் தொழிற்சாலைகளில் ஒரு பாகம் தப்பா வந்தா முதல் கேள்வி, "ஏன் வந்தது?" அதுக்குப் பதில் வந்தா அதுக்கும் ஒரு ஏன். எங்க வீட்டில் நாலு மாசமா ஓடினது, "யார் பண்ணினது?"

இப்போ வரலாற்றில் ஒரு சின்ன மாற்றத்தைச் சொல்றேன். பரிசு கிடையாது, பேர் கிடையாது, பெரும்பாலும் யாரும் எழுதுறதும் கிடையாது. எனக்கு இதுதான் மொத்தக் கதையிலேயே முக்கியம்.

பழைய டிஸ்க் பிரேக் கார்கள் பலவற்றில் டிஸ்க்கும் ஹப்பும் ஒண்ணா இருக்கும், இல்லைன்னா போல்ட் போட்டு இறுக்கி ஒரே உருப்படியா இருக்கும். ஹப்புன்னா சக்கரம் மாட்டுற நடு உருளை. டிஸ்க்கை மாத்தணும்னா பேரிங்கைக் கழட்டணும், கிரீஸ் வைக்கணும், அரை நாள் வேலை. ஆனா சாய்வு கிட்டத்தட்டத் தொழிற்சாலையிலேயே தீர்மானம் ஆகிடும். முன்சக்கரம் இழுக்கிற சின்ன கார்கள் பெருக ஆரம்பிச்ச பிறகு, டிஸ்க் ஒரு தொப்பி மாதிரி ஆச்சு. ஹப்பு மேல கவிழ்த்து வைக்கலாம். அதைப் பிடிச்சு வைக்கிறது ஒரு சின்ன ஸ்க்ரூ, அப்புறம் சக்கரத்தின் நட்டுகள். பத்து நிமிஷத்தில் மாத்திடலாம். விலையும் குறைவு. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனா அந்தக் கடைசி 0.05 மி.மீ. எங்க போச்சு? முன்னாடி அது தொழிற்சாலை லேத்தில் இருந்தது. இப்போ அது ஹப்பு முகத்துக்கும் தொப்பிக்கும் நடுவில் இருக்கு. அங்க துரு ஒரு பொருக்கு இருந்தா போதும், டிஸ்க் சாய்ஞ்சுடும். ஹப்பைவிட டிஸ்க் அகலம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதனால் நடுவில் இருக்கிற தூசி விளிம்பில் ரெண்டு மடங்கு ஆட்டமா மாறும். நட்டை ஒரு பக்கம் மட்டும் முரட்டுத்தனமா முறுக்கினாலும் அதே சாய்வு வரலாம். அதாவது பாடியில் கோடிக்கணக்கில் மிஷின் வச்சு, ஏர்கண்டிஷன் அறையில் அளந்து காப்பாத்தின அளவை, கடைசி பத்து நிமிஷத்துக்கு நாங்குநேரி வேப்பமரத்தடியில் இருக்கிற அண்ணாச்சி கையில் கொடுத்தாச்சு. கொடுத்தவங்க, அதை அளக்கிற கருவியை அவர் கையில் கொடுக்கல.

எனக்கு நாலு நாள் லீவு மிச்சம் இருந்தது. முதல்ல செஞ்சது எனக்குத் தெரிஞ்ச வேலை. ஃபோனை டேஷ்போர்டில் ஒட்டி, அதிர்வு அளக்கிற ஒரு ஆப் போட்டு, காலி ரோட்டில் பிரேக் பிடிச்சுப் பார்த்தேன். எண்பதுல விநாடிக்குக் கிட்டத்தட்ட 12 துடிப்பு, அறுபதுல 9. வேகத்தோடு கூடிக் குறையுது, சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தட்டு. ஏபிஎஸ் ஆ இருந்தா அப்படி வராது, அதுக்கு அதோட சொந்தத் தாளம் உண்டு, வழுக்குற மாதிரி அழுத்திப் பிடிச்சாத்தான் வரும். ஸ்டியரிங்கும் ஆடுறதால சந்தேகம் முன்சக்கரம். மெதுவா போகும்போது ஹேண்ட் பிரேக்கை லேசா இழுத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்ல, பின்னாடி டிரம் சுத்தம். நிற்க, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ இந்த விஞ்ஞானமெல்லாம் வேண்டாம். வண்டியை ஓரம் கட்டிட்டு ஆளைக் கூப்பிடுங்க.

அடுத்து டயல் கேஜ். கடிகாரம் மாதிரி முகம், கீழே ஒரு ஊசி, ஊசி நூறில் ஒரு மி.மீ. நகர்ந்தா முள் ஒரு கோடு நகரும். பாலிடெக்னிக் லேபில் வேலை பார்க்கிற என் ஸ்கூல் தோஸ்த்துகிட்ட கெஞ்சி, காந்த ஸ்டாண்டோடு ஞாயித்துக்கிழமை ஒரு நாளுக்கு வாங்கிட்டு வந்தேன். அண்ணாச்சி கடைக்கு முன்னாடி ஜாக்கி போட்டோம். அவருக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்ல. "படிச்ச பிள்ளை கம்ப்யூட்டரை வச்சு என்னைச் சோதிக்க வந்திருக்கு" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வலது சக்கரம் 0.04. சரி. இடது சக்கரம் சுத்தும்போது முள் ஒரு பக்கமா ஏறிப் போய் இறங்குச்சு. 0.14.

"நான்தான் சொன்னேம்லா, பெண்டு" என்றார் அண்ணாச்சி.

இங்கே ஒரு சின்ன தந்திரம் இருக்கு. உயரமா இருந்த இடத்துக்கு நேரா டிஸ்க்கில் ஒரு சாக்பீஸ் கோடு, அதுக்கு நேரே இருக்கிற ஹப்பு போல்ட்டிலும் ஒரு கோடு போட்டோம். டிஸ்க்கைக் கழட்டி ஒரு போல்ட் தள்ளி மாட்டி, திரும்ப இறுக்கி, திரும்ப அளந்தோம். டிஸ்க்தான் வளைஞ்சிருந்தா உயரம் டிஸ்க் கோட்டோடு நகரணும். ஹப்புதான் குற்றவாளின்னா உயரம் போல்ட்டோடவே நிக்கும்.

போல்ட்டோடவே நின்னது.

அண்ணாச்சி ஒண்ணும் பேசல. டிஸ்க்கை அவரே கழட்டினார். ஹப்பு முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு ஒண்ணும் தெரியல. அவர் கட்டைவிரல் நகம் ஒரு போல்ட் பக்கத்தில் தட்டி நின்னது. கறுப்பா, கல்லு மாதிரி இறுகிப்போன துரு. அப்பா ரிட்டையர் ஆகிறவரைக்கும் தூத்துக்குடியில், உப்பளத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தோம். ஆறு வருஷம் உப்புக் காத்துல நின்ன வண்டி அது. கம்பி பிரஷ், அப்புறம் எமரித் தாள், இருபது நிமிஷம் தேய்ச்சு ஹப்பு வெள்ளி மாதிரி ஆச்சு. திரும்ப மாட்டி அளந்தோம். 0.03.

அண்ணாச்சி கீழே உட்கார்ந்துட்டார். "இருபத்தஞ்சு வருசமா டிஸ்க் மாத்துதேன் தம்பி. ஹப்பைத் தொடச்சுட்டு மாட்டுலேன்னு ஒருத்தனும் எனக்குச் சொல்லித் தரல" என்றார். கோபமா, வருத்தமான்னு தெரியல. எத்தனை பேர்கிட்ட எத்தனை தடவை புது டிஸ்க்குக்குக் காசு வாங்கினோம்னு மனசுக்குள்ள எண்ணுறார்னு எனக்குத் தோணுச்சு. நான் ஏதாவது சொல்லியிருக்கணும். சொல்லல.

வேலை அதோட முடியல. ஹப்பு சரியானாலும் டிஸ்க் ஏற்கெனவே தேய்ஞ்சு போச்சே. மைக்ரோமீட்டர் வச்சு எட்டு இடத்தில் தடிமன் எடுத்தா, வித்தியாசம் 0.02. புது டிஸ்க் என்பதால் கழிக்க நிறைய இரும்பு இருந்தது, எவ்வளவு வரை கழிக்கலாம்னு டிஸ்க் மேலேயே பொறிச்சிருக்கும். திருநெல்வேலியில் லேத்துக்குக் கொடுத்து ரெண்டு பக்கமும் லேசாச் சீவி வாங்கினோம். பேடையும் சமமாத் தேய்ச்சு எடுத்தோம். மாட்டும்போது கையில் எண்ணெய் படாம பார்த்துக்கணும். நாங்குநேரின்னா வெளியூர்க்காரங்களுக்கு வானமாமலை கோயில் எண்ணெய்க் கிணறுதான் ஞாபகம் வரும். எங்க ஊர் எண்ணெய் எல்லாத்துக்கும் மருந்து, பிரேக் டிஸ்க் ஒண்ணைத் தவிர. நட்டை முறுக்கும்போது அண்ணாச்சி பழக்கதோஷத்தில் ஸ்பேனர் மேல ஏறி மிதிக்கப் போனார். டார்க் ரெஞ்சை நீட்டினேன். எதிரெதிரா ஒண்ணு விட்டு ஒண்ணு, ரெண்டு தவணையா, புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு.

அப்பா எப்போ வந்தார்னு நான் கவனிக்கல. வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரமா பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். மன்னிப்பெல்லாம் கேட்கல, அந்தத் தலைமுறைக்கு அது வராது. நட்டு வேலை முடிஞ்சதும், "ஏய், மூணு டீ சொல்லுடே" என்று அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார். அண்ணாச்சி, "வடையும் சொல்லட்டா?" என்றார். நாலு மாசத்துக்கு அவ்வளவுதான்.

மறுநாள் விடியக்காலை புது முகத்தைப் பழக்க வண்டியை எடுத்தோம். அறுபதுல போய் இருபது வரைக்கும் இதமா பிடிக்கணும், முழுசா நிறுத்தக் கூடாது, கொஞ்சம் ஓட்டி ஆற விடணும், திரும்பப் பிடிக்கணும். ஒரு பத்து தடவை. நாலுவழிச் சாலையில் லாரிக்கு முன்னாடி இதெல்லாம் செய்ய முடியாது. ஏர்வாடி ரோடு அந்நேரம் காலியா கிடக்கும், அதனால் அந்தப் பக்கம் திருப்பினேன். முன்சீட்டில் அப்பா, பின்சீட்டில் அண்ணாச்சி, அவர் காது மட்டும் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில். ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. எட்டாவது தடவைக்கெல்லாம் திருக்குறுங்குடி வந்துடுச்சு. கோயில் வாசல் பக்கம் நிறுத்தினேன். பெடல் காலுக்குக் கீழே சும்மா இருந்தது.

டிவிஎஸ் இந்த ஊர்க்காரர்தான்னு சொன்னேன். அண்ணாச்சிக்கு ஏற்கெனவே தெரியும், எனக்குத்தான் அது புதுச் செய்தி. அவருக்கு வேற ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்தது.

"தம்பி, அந்த முள்ளு வச்ச கடிகாரம் என்ன விலை வரும்?"

ஸ்டாண்டோடு சேர்த்து சுமாரானது ரெண்டாயிரத்துக்குள்ள கிடைக்கும்னு சொன்னேன்.

"அஞ்சு வண்டிக் கூலி" என்றார். கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னார். "சரி, நம்பரை அனுப்பி வைங்க."